கொளத்தூரிலிருந்து செஞ்சிக்குப் போய்த் திரும்ப ஒரு டேங்க் பெட்ரோல்

ஏரி காத்த ராமர் கோயில் கொண்டிருக்கும் மதுராந்தகத்தைத் தாண்டி, மேல்மருவத்தூருக்கு இன்னும் சில கிலோமீட்டர் இருக்கையில் என் புல்லட் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. கொளத்தூரில் வீட்டைவிட்டுக் கிளம்பி நூறு கிலோமீட்டர்கூட ஆகியிருக்கவில்லை. பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்பி உதைத்தேன். அரை நிமிடம் ஓடி மறுபடியும் நின்றது. முந்தின நாள் மாலைதான் எட்டு லிட்டர் போட்டிருந்தேன் என்றாலும், லிட்டருக்கு என்ன கொடுக்கிறது என்றே தெரியாத வண்டி என்பதால், எல்லாம் தீர்ந்திருக்கும் என்று நானே நம்பிக்கொண்டு, வெயிலில் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய் ஒரு பங்க்கில் நிறுத்தினேன். பங்க் பையன் டேங்க் மூடியைத் திறந்தபோது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் எனக்கே கேட்டது. எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, பெட்ரோல் இருக்குதே, எதுக்குத் தள்ளிக்கிட்டு வர்றீங்க?” என்றான்.

மூடியில் காற்று புகுவதற்காக விட்டிருக்கும் சிறு துளை அடைத்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குப் போகும் ஓட்டம் நின்றுவிடும். பாலிஷும் தூசியும் சேர்ந்து கெட்டியாகிப்போன ஒரு பொட்டு அழுக்கை ஊக்கால் குத்தி எடுத்ததோடு அன்றைய கதை முடிந்தது. ஆனால், பாதி டேங்க் பெட்ரோலைச் சுமந்துகொண்டே பெட்ரோல் இல்லை என்று வண்டியைத் தள்ளிய அவமானம், இந்த வண்டி ஒரு டேங்குக்கு உண்மையில் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை முறையாகக் கணக்கிட்டு, அதைக் கூட்ட முடியுமா என்று பார்க்கவைத்தது.

வண்டி 1997ஆம் வருடத்து 350 சி.சி. புல்லட். வார்ப்பிரும்பு இன்ஜின், வலது காலில் கியர், பாயின்ட் இக்னிஷன், பெட்ரோல் அளவு காட்டும் முள் கிடையாது. திருவொற்றியூரில் செய்து சென்னைத் தெருக்களிலேயே வயதான வண்டி. வாரநாட்களில் கொளத்தூரிலிருந்து ரெட்டேரி சந்திப்பு, பாடி மேம்பாலம் வழியாக அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும், மாதம் ஒருமுறை அம்மா இருக்கும் செஞ்சிக்கும் அதில்தான் போய் வருகிறேன். செஞ்சிக்குப் போய்த் திரும்ப, ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால், 340 கிலோமீட்டர் ஆகும். சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் அடிக்கொரு பங்க் இருக்கும்போது இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பகுதி தண்ணீரில் நின்றபோது, திறந்திருந்த ஓரிரு பங்க்குகளில் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்ததையும், தண்ணீர் வடிந்த மறுநாள் ஒரு பங்க்கில் போட்ட பெட்ரோலால் வண்டி நடுவழியில் நின்றதையும் பார்த்த பிறகு, டேங்கில் இருப்பதை வைத்து எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரிந்திருப்பது எனக்கு அவசியமாகப் பட்டது.

முதலில் டேங்கை அளந்தேன். ஏட்டில் 14.5 லிட்டர் என்று இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் முன்னர், வீட்டருகே இருக்கும் காலி மனையில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முழுவதும் நிரப்பியிருந்த பெட்ரோலைக் குழாய் வழியாக லிட்டர் குவளையில் பிடித்து, மூடியுள்ள தகரக் கேனில் ஊற்றிக்கொண்டே வந்தேன். (இதை வீட்டுக்குள்ளோ மூடிய ஷெட்டிலோ செய்யவே கூடாது, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எங்கோ எரியும் அடுப்பைத் தேடிப் பிடிக்கும்.) குழாய் ‘ஆன்’ நிலையில் இருக்கும்போது 12.1 லிட்டர் வந்து நின்றது. ரிசர்வுக்குத் திருப்பியதும் இன்னும் 1.4 லிட்டர். அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் வண்டியை ஆட்டினால் உள்ளே சலசலவென்று சத்தம் கேட்டது.

பழைய வண்டிகளின் டேங்க் குதிரைச் சேணம் போலச் சட்டத்தின் இருபக்கமும் இறங்கியிருக்கும். நடுவில் சட்டம் நுழைய ஒரு மேடு இருக்கும். பெட்ரோல் அந்த மேட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், குழாய் இல்லாத பக்கத்தில் தங்கியது அங்கேயே தங்கிவிடும். ஸ்டாண்டை எடுத்துவிட்டு, குழாய் இருக்கும் பக்கமாக வண்டியை நன்றாகச் சாய்த்து மெல்லக் குலுக்கியபோது மறுபக்கத்தில் இருந்தது மேட்டைத் தாண்டி வந்தது, அளந்தால் 0.6 லிட்டர். அதாவது, ரிசர்வும் தீர்ந்து நின்ற பிறகும் ஏறத்தாழ பதின்மூன்று கிலோமீட்டர் ஓடுவதற்கான பெட்ரோல் என் வண்டியில் எப்போதும் இருந்திருக்கிறது. ஆகமொத்தம் 14.1 லிட்டர். மிச்சம் 0.4 லிட்டர் எங்கே என்றால், டேங்கின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு விழுந்திருந்த ஒடுக்கும், அடியில் படிந்திருந்த துருச்சேறும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

குழாயைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. ‘ஆன்’ நிலைக்கான குழல் டேங்கின் உள்ளே சற்று உயரமாக நிற்கும். ரிசர்வுக்கான வாய் அடிமட்டத்தில் இருக்கும். சேறு சேர்வது அடியில்தான் என்பதால், என்றைக்கோ ஒருநாள் அவசரத்துக்குத் திருப்பும் ரிசர்வ்தான் முதலில் அடைபடுகிறது. மதுராந்தகத்தில் ரிசர்வுக்குத் திருப்பியும் பயன் இல்லாமல் போனதற்கு அடைபட்ட மூடியோடு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். அப்போதிலிருந்து மாதம் ஒருநாள் வேண்டுமென்றே ரிசர்வில் சில கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கிறேன். பிறகு மறக்காமல் ‘ஆன்’ நிலைக்குத் திருப்பிவிட வேண்டும். குழாயை எப்போதும் ரிசர்விலேயே விட்டு ஓட்டுபவர்கள், வண்டி தரும் ஒரே எச்சரிக்கையையும் இழந்துவிடுகிறார்கள்.

அடுத்தது மைலேஜ் கணக்கு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மூடிக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட விளிம்பு வரை நிரப்பி, குறைந்தது 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதே பங்க்கில், அதே நிலையில், அதே விளிம்பு வரை மறுபடி நிரப்புவதுதான் நம்பத்தகுந்த முறை. ஒரு லிட்டர் மட்டும் போட்டு எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில் பிழை அதிகம். பழைய வண்டியின் கிலோமீட்டர் மானியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் கிலோமீட்டர் கற்களை வைத்துச் சரிபார்த்தபோது, என்னுடையது ஐம்பது கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டியது. அதைக் கழித்த பிறகு கிடைத்த விடை லிட்டருக்கு 22. இந்த ரக வண்டிக்கு 30க்கு மேல் கிடைக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு ஒருமுறை அளப்பது, ஒரே சமயத்தில் இரண்டு திருத்தங்களைச் செய்யாமல் இருப்பது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது.

காலையில் வண்டிக்கு அடியில் வரும் பெட்ரோல் வாசனையைப் பழைய வண்டியின் இயல்பு என்று பல வருடங்களாக விட்டிருந்தேன். குழாயைத் திறந்து வைத்து, கார்புரேட்டரின் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்துப் பார்த்தேன். எட்டு விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தது. இருபது சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால் மணிக்கு 22 மில்லி, பத்து மணிநேர இரவுக்கு ஏறத்தாழ 220 மில்லி. லிட்டர் நூறு ரூபாய்க்கு விற்கும் காலத்தில் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தினமும் மண்ணுக்கு வார்த்திருக்கிறேன். கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோல் வரத்தை அடைக்க வேண்டிய மிதவை ஊசியின் முனையில் தேய்மானத்தால் ஒரு வளையம் விழுந்திருந்தது. ஊசியையும் அது உட்காரும் பித்தளை இருக்கையையும் மாற்றி, இறங்கியவுடன் குழாயை மூடும் பழக்கத்தையும் கைக்கொண்டபின் கணக்கு 24.5 ஆனது.

அதன் பிறகு சக்கரம் உருள்வதில் உள்ள தடை. சமதளத்தில், நியூட்ரலில், ஒரு கையால் தள்ளினால் வண்டி தயங்காமல் உருள வேண்டும். என்னுடையது எருமையைப் போல நின்றது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுழற்றினால் இரண்டு சுற்றில் நின்றது. பிரேக் டிரம்மைத் திறந்து பார்த்ததில், லைனிங்கை விரிக்கும் கேம் துருப்பிடித்து இறுகி, பெடலை விட்ட பிறகும் முழுதாகத் திரும்பாமல் இருந்தது தெரிந்தது. அதை உப்புத்தாளால் தேய்த்து, மிகக் கொஞ்சமாக கிரீஸ் இட்டு, செயினை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விட்டு, தளர்வைச் சரிசெய்து, டயர் காற்றையும் டயர் சூடேறும் முன்னரே காலையில் நிரப்பத் தொடங்கிய பிறகு, சக்கரம் பதினொரு சுற்றுச் சுற்றியது. (ஒரே சமயத்தில் இரண்டு திருத்தம் இல்லை என்ற விதியை இங்கே மட்டும் மீறினேன், டிரம்மைத் திறந்த கையோடு செயினையும் பார்க்காமல் விட மனம் வரவில்லை.) 28 வந்தது. இவ்வளவுக்கும் இன்ஜினை இன்னும் தொடவே இல்லை. மைலேஜ் இல்லை என்றதும் கார்புரேட்டரின் திருகைத் திருப்பத் தொடங்குவது நம் ஊர் வழக்கம். அந்தத் திருகு வண்டி நின்றபடி ஓடும் நிலையைத்தான் பெரும்பாலும் ஆளும், ஓடும் வேகத்தில் அதற்குப் பங்கு குறைவு.

இன்ஜின் பக்கம் வந்தபோது புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே ஒரு சந்தில் கார்புரேட்டர்களை மட்டுமே பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். கார்புரேட்டரைப் பிரித்து, நடுவில் ஏறி இறங்கும் ஊசியை பெட்ரோல் வரும் துளையுள்ள பித்தளை ஜெட்டில் சொருகி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என்னிடம் நீட்டினார். வட்டமாக, சீராகத் தெரிய வேண்டிய இடைவெளி ஒரு பக்கம் மட்டும் அகன்று பிறை போலத் தெரிந்தது. “தம்பி, இருபது வருஷம் ஊசி ஆடி ஆடி ஓட்டையைக் கோழிமுட்டை மாதிரி ஆக்கியிருக்கு. நீங்க எந்த ஸ்குரூவைத் திருப்பினாலும் இதுல ஊத்துறது ஊத்தத்தான் செய்யும்” என்றார். பெட்ரோல் அளவுக்கு மீறிப் போய், தீப்பொறி தரும் பிளக் கரியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். ஊசியும் ஜெட்டும் சேர்த்து ஒரே ஜோடியாக மாற்ற வேண்டும். ஒன்றைப் புதிதாகவும் மற்றதைப் பழையதாகவும் வைத்தால் வீண் செலவு.

பிளக்கில் பொறி விழும் நேரத்தை ஆளும் பாயின்ட்டின் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்ததும், வால்வுகளை இயக்கும் டேப்பெட்டைச் சரிசெய்ததும் நானே வீட்டில் செய்தவை. வார்ப்பிரும்பு புல்லட்டில் டேப்பெட்டுக்கு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வேண்டியதில்லை. இன்ஜின் முற்றிலும் ஆறியிருக்கையில், பிஸ்டன் அழுத்த நிலையின் உச்சியில் நிற்கும்போது, வால்வைத் திறக்க உந்தும் தண்டான புஷ்ராடை இரண்டு விரல்களால் பிடித்தால் தாராளமாகச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழுமாகத் துளியும் ஆடக் கூடாது. சுழலாமல் இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் கசியும். என் வண்டியில் எக்ஸாஸ்ட் பக்கம் அப்படித்தான் இருந்தது. இவை முடிந்ததும் நோட்டில் 32 என்று எழுதினேன்.

எத்தனால் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே கலவையில் ஆறு, ஏழு சதவீதம் ஆற்றல் குறைவது தவிர்க்க முடியாத கணக்கு. அது போக, எத்தனால் எரியப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். புது வண்டிகளில் சென்சார் இருந்து இதற்கேற்ப எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதனால் பழைய வண்டியில் கலவை வறண்டு (காற்று மிகுந்து), ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிப்பது, இன்ஜின் அளவுக்கு மீறிச் சுடுவது, பிளக் வெளிறிப்போவது என்று அறிகுறிகள் தோன்றும். கார்புரேட்டர் ஊசியைப் பிடித்திருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி ஊசியை உயர்த்தியபோது எனக்கு வெடிப்பு நின்றது. பெட்ரோலைக் கூடுதலாக விட்டால் மைலேஜ் குறையுமே என்று நினைத்தேன். மாறாக, முன்பு இழுக்காமல் ஆக்சிலேட்டரை அதிகம் முறுக்க வேண்டியிருந்த இடங்களில் இப்போது குறைவாக முறுக்கினால் போதுமாக இருந்தது. சாதாரண ரப்பர் குழாயையும் எத்தனாலைத் தாங்கும் குழாயாக மாற்றிவிட்டேன். பழையது ஊறி, உப்பி, விரலால் அமுக்கினால் பொதபொதவென்று இருந்தது.

சென்னையின் ஈரக்காற்றில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. எத்தனால் தண்ணீரை ஈர்த்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மிக்ஜாமுக்குப் பிறகு வண்டி நின்றபோது, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் வடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நீராகாரத்தில் சோறும் தண்ணீரும் பிரிந்து நிற்பதுபோல இரண்டு அடுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மழைக்காலத்தில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்க நேர்ந்தால், குழாயை மூடிவிட்டுக் கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதை வடித்துவிடுகிறேன். டேங்கைக் காலியாக விடாமல் நிரம்ப வைத்தால் ஈரக்காற்றுக்கும் துருவுக்கும் உள்ளே இடம் குறையும். கோடையில் மட்டும் கழுத்துவரை நிரப்புவதில்லை. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் விரியும். அடியில் குளிர்ந்த தொட்டியிலிருந்து வந்த 14 லிட்டர், மே மாத வெயிலில் 15 டிகிரி சூடேறினால் 200 மில்லி வழிந்து டேங்கின் பெயின்ட்டைக் கெடுக்கும். அதிகாலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்ற பேச்சுக்கும் இதே கணக்குதான் பதில்: பங்க்கின் தொட்டி நிலத்துக்கு அடியில் இருப்பதால் அதன் சூடு காலைக்கும் மாலைக்கும் பெரிதாக மாறுவதில்லை.

பணத்தை வீணாக்கியவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கி பெட்ரோல் குழாயில் மாட்டிய காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, அதிக ஆக்டேன் பெட்ரோல் ஆகிய மூன்றினாலும் நோட்டில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஆக்டேன் என்பது அதிக அழுத்தத்தில் பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் குணம். அழுத்தம் குறைந்த இந்தப் பழைய இன்ஜினுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. செயினை இழுக்கும் முன்பக்கப் பற்சக்கரத்துக்கு (ஸ்ப்ராக்கெட்) ஒரு பல் கூடுதலானதை மாட்டிப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் சற்றே நன்றாக இருந்தது. ரெட்டேரி சிக்னலில் ஒவ்வொரு முறையும் கிளட்ச்சைத் தேய்த்துக் கிளப்ப வேண்டியிருந்ததால் இரண்டே வாரத்தில் பழையதை மாட்டிவிட்டேன். பெரிய டேங்க் செய்து மாட்டலாம் என்றும் யோசனை வந்தது. ஆனால் தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடையாக நிற்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியைப் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன் நிறுத்தும்போது அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிவரும். பழைய டேங்கை வெட்டி வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுவது. காலியான டேங்க் என்று நாம் நினைப்பதில் தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும். கேனில் எடுத்துப் போகவும் எனக்கு விருப்பமில்லை, வெயிலில் சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அதைக் கட்டித் தொங்கவிட எந்த இடமும் பாதுகாப்பானதாகப் படவில்லை.

ஓட்டும் விதத்தில் என்னால் மாற்ற முடிந்தது வேகம் ஒன்றுதான். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 60லிருந்து 80க்குப் போனால் எதிர்ப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு. செங்கல்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஒருமுறை 75, 80 என்று ஓட்டியபோது 27 கொடுத்தது. 55, 60 என்று ஓட்டிய மாதம் 34. நேர வித்தியாசம் இருபது நிமிடத்துக்கும் குறைவு. சிக்னலில் அணைப்பதைப் பொறுத்தவரை, அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, இன்ஜின் அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து உதைக்க வேண்டிய வண்டியைப் பின்னால் இருக்கும் பேருந்து ஹாரன் அடிக்கும்போது கிளப்புவது எளிதல்ல என்பதால், பாடி மேம்பாலத்துக்கு அடியில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கும் இடத்தில் மட்டும் அணைக்கிறேன்.

போன பொங்கலுக்குச் செஞ்சிக்குப் போய்த் திரும்பியபோது மானிக்கழிவு போக 338 கிலோமீட்டர். ‘ஆன்’ நிலையிலேயே வீட்டு வாசல் வரை வந்து சேர்ந்தேன், ரிசர்வைத் தொடவில்லை. மறுநாள் விளிம்பு வரை நிரப்பியபோது 10.1 லிட்டர் பிடித்தது. ஆனால் கடந்த மாதக் கணக்கு மறுபடியும் 30க்கு இறங்கியிருக்கிறது. மூடியின் துளை சுத்தம், தாளில் சொட்டு இல்லை, பிளக்கின் நிறமும் மாறவில்லை. நேற்று மாலை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைச் சுழற்றினேன், ஆறு சுற்றில் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை டிரம்மைத் திறக்க வேண்டும்.